ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும்: பிலோமினா அக்கா

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் பாரைமீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் யசிந்தா, பிலோமினா அக்காவின் தங்கை. கொட்டாஞ்சேனையில் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். "அக்கா போயிட்டா," என்றார். "காலையில, ஆஸ்பத்திரியிலயே. உங்க ஃபோன்ல நல்ல படம் ஏதும் இருந்தா அனுப்புங்க, மலர்ச்சாலையில கேக்குறாங்க." கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தை "அப்பாடா". சத்தமாகவே சொல்லிவிட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "என்னக்கா, லொத்தர் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார்.

ஓர் அஞ்சலியை இப்படித் தொடங்கக் கூடாதுதான். மலர்ச்சாலையில் அக்காவின் உடலுக்குப் பக்கத்தில் நின்று நான் பேசியதைக் கேட்டு உங்களில் சிலர் கண்கலங்கினீர்கள். ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "கூடப் பொறந்தவ மாதிரிப் பேசினீங்க பிள்ள," என்றார். மரண அறிவித்தலில் அவரை 'அன்பே உருவானவர்' என்று போட்டிருந்தார்கள். அதை அவரே வாசித்திருந்தால், யார் இந்த மனுசி என்று கேட்டிருப்பார். அன்று பேசும்போது நான் விழுங்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில் இருக்கிறது. ஆட்கள் மூன்றே பேர். கைபேசியை வாத்தியமாக்கும் சின்தசைசர் செயலி ஒன்றைச் செய்கிறோம். கைபேசிக் கண்ணாடியில் கீபோர்ட் கட்டைகள் தெரியும். விரல் வைத்தால் வயலின், புல்லாங்குழல், ஓர்கன், எது வேண்டுமோ அது ஒலிக்கும். முதலாளி இம்தியாஸ், மாளிகாவத்தைக்காரர்; அவர் பேச்சில் 'இருக்கு' 'ஈக்கு' ஆகும், 'சொல்லு' 'செல்லு' ஆகும். புரோகிராம் எழுதுவது நான். ஒலிகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது பிலோமினா அக்கா. அந்த வேலைக்கு இம்தியாஸ் 'ஒலிப் பரிசோதகர்' என்று பெயர் வைத்திருந்தார். நான் மனசுக்குள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

அவர் எங்களிடம் வந்ததே ஏசிக்கொண்டுதான். செயலி வெளியான புதிதில் ஒற்றை நட்சத்திரம் போட்டு இப்படி எழுதியிருந்தார்: "இதிலுள்ள வயலினைக் கேட்டு, வாசலில் பூனை அடிபட்டுவிட்டதென்று என் தங்கை ஓடினாள். செய்தவருக்குக் காது இருப்பது கேட்கவா, தோடு போட மட்டுமா?" இம்தியாஸ் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அந்த மனுசியைத் தேடிப் பிடித்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு ஓர்கன், சனிக்கிழமைகளில் ஹோட்டல் கலியாணங்களுக்குக் கீபோர்ட், இதுதான் அவருடைய பிழைப்பு. வந்து உட்கார்ந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை. "வயலின் செஞ்சது நீங்கதானா?" என்று என்னைக் கேட்டார். "ஓம்," என்றேன். "வெக்கமா இல்லையா?" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் ஒரு கிழமைக்குள் அந்த வயலின் வயலினாகிவிட்டது. ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, "இது செத்துருச்சு, இதுவும் செத்துருச்சு, இது மட்டும் உசிரோட இருக்கு," என்று அவர் சொல்லச் சொல்ல நான் செத்தவற்றை எல்லாம் திருத்தினேன். அதன் பிறகு ஒன்பது வருடம் எங்கள் செயலியில் அவர் காதுக்குத் தப்பி ஒரு சத்தமும் வெளியே போனதில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எஞ்சினியரம்மா. நல்ல நாளிலும் எஞ்சினியரம்மா, கெட்ட நாளிலும் எஞ்சினியரம்மா.

புதிய பதிப்புகளை அவர் பரிசோதித்தது பஸ்ஸில். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை, அங்கே இறங்கி மாறி வெள்ளவத்தை. ஜன்னலோரம், காதில் இயர்ஃபோன், மடியில் கைபேசி. கொண்டக்டர் டிக்கட்டுக்கு வந்து நின்றால், "பொட்டக் இன்ன மல்லி," என்று சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, கையால் நிறுத்திவிட்டுப் பாட்டை முடிப்பாராம். ஏனக்கா, அலுவலகத்தில் அமைதியாக இருந்து கேட்கலாமே என்று ஒரு முறை கேட்டேன். "நம்ம ஆளுங்க ஏசி ரூம்ல உக்காந்தா வாசிக்கிறாங்க? பஸ்ல கேக்காத சத்தம் சத்தமே இல்ல," என்றார். அவர் எங்கள் படியேறும்போது பிழைகளின் பட்டியல் எனக்கு முன்னதாகவே வந்து சேர்ந்திருக்கும்.

ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். எங்கள் செயலியை வைத்திருப்பவர்களிடம் இருப்பவை சின்னக் கைபேசிகள். கலியாணப் படமும் பிள்ளைகளின் வீடியோவும் நிரம்பி வழிந்தால் முதலில் அழிக்கப்படுவது நாங்கள். ஆகவே செயலி கொழுக்கக் கூடாது. புதிதாக ஒரு வசதியைச் சேர்த்தால் பழையதில் ஒன்றை எடுக்க வேண்டும். எதை எடுப்பது? ஆட்கள் எதை ஆகக் குறைவாகத் தொடுகிறார்களோ அதை. அந்தக் கணக்கு என் கணினியில் தானாக விழும். கூட்டம் போட்டு, மூன்று பேரும் கையுயர்த்தி, எடுத்து எறிந்துவிடுவோம். "ஆளு தொடாதது போகணும், ஆளு தொடுறதத் தொடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்," என்பார்.

அந்தச் சட்டத்தில் முதலில் விழுந்தது என் நாதஸ்வரம். ஏழு மாதம் உழைத்துச் செய்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலுக்காக ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் வாசிக்கும் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பதிவு செய்திருந்தேன். அக்கா அதை அரை நிமிடம் கேட்டுவிட்டு, "கலியாண வீட்டு வாசல்ல ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்," என்றார். இருந்தாலும் விட்டார். சில மாதத்தில் அது கணக்கின் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கூட்டத்தில் நான் கெஞ்சினேன். "ஒரு மாசம் பொறுங்கோ அக்கா. தைப்பூசம் வருது, சனம் தேடும்." அவர் கையை உயர்த்திக்கொண்டே சொன்னார்: "செத்தத வீட்டுக்குள்ள வச்சுக் கும்பிடுறதா, எஞ்சினியரம்மா?" அந்த வாசகம் எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெண்குரல் வேண்டும் என்று இம்தியாஸ் கேட்டது அதற்கு அடுத்த வருடம். கட்டையை அழுத்தினால் ஒரு பெண் 'ஆ' என்று பாட வேண்டும். யாரைப் பாடவைப்பது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, "நான் பாடுறேன், வேற எந்தக் கழுதையையும் தேட வேணாம்," என்றார் அக்கா. பதிவு செய்ய அமைதியான இடம் இல்லை. புறக்கோட்டையில் இம்தியாஸின் மச்சானுக்கு ஒரு புடவைக் களஞ்சியம் இருக்கிறது. துணிச் சுருள்கள் கூரை வரை அடுக்கியிருப்பதால் உள்ளே எதிரொலி வராது. அங்கே சுருள்களின் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கீழ்ச் சுரத்திலிருந்து மேல்வரை ஒவ்வொன்றாகப் பாடினார். வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. எங்களை ஏசும் அந்தத் தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் இருந்ததென்று எனக்குத் தெரியாது. என் கண் நிறைந்துவிட்டது. அவர் பாட்டை நிறுத்தி, "மூக்க உறிஞ்சாத. மைக்ல விழுது," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போயிருக்கும். அக்காவின் குரல்வளையில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு சிறு கொப்பியுடன் வேலைக்கு வந்தார். மூச்சு கழுத்து வழியாகப் போய் வந்தது. பேச்சு இல்லை, இனி வரவும் வராது. நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொப்பியில் எழுதிக் காட்டினார்: "ஊமைய முதல் தடவ பாக்குறியா? போய் வேலையப் பாரு." எழுத்தில் ஏசுவதற்கு அவருக்குப் பழக்கம் தேவைப்படவில்லை.

இனித்தான் நான் மலர்ச்சாலையில் சொல்லாத விஷயம். அந்த நாட்களில் நான் ஒரு புதிய வசதியைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். வாசிக்கும்போது கைபேசியை ஆட்டினால் சத்தமும் ஆடும். மெல்ல ஆட்டினால் மெல்ல, வேகமாக ஆட்டினால் வேகமாக நடுங்கும். எனக்கு அதில் பெரிய ஆசை. அது வருவதென்றால் ஒன்று போக வேண்டும். கணக்கை எடுத்துப் பார்த்தேன். அடிமட்டத்தில் பெண்குரல். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது.

கூட்டத்தில் பட்டியலை வாசித்தேன். இம்தியாஸ் என் முகத்தைப் பார்க்காமல், "அதுக்கு மேல ஈக்கிறத எடுப்பம், என்ன?" என்றார். "சட்டம் எண்டா எல்லாருக்கும் ஒண்டுதானே," என்றேன். "சாரதா, விடுங்க," என்றார். நான் விடவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, கழுத்துத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "செத்தத வீட்டுக்குள்ள வச்சுக் கும்பிடுறதோ?"

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவேண்டும் என்று விரும்பினேன். அவர் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முதல் ஆளாகக் கையை உயர்த்தினார். கொப்பியில் எழுதி என் பக்கம் தள்ளினார்: "இப்பதான் உனக்கு வேலை தெரியுது. ஆட்டும்போது சத்தம் அரை நொடி பிந்துது, திருத்து." அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காலி வீதியில் மசாலா தோசை சாப்பிட்டேன். ருசித்துத்தான் சாப்பிட்டேன்.

அவர் அதற்குப் பிறகும் எட்டு மாதம் வேலை செய்தார். அந்தக் குரலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மிச்சத்தை எனக்குச் சொன்னது யசிந்தா. மலர்ச்சாலையில், பெட்டிக்குப் பக்கத்தில், நான் பேசி முடித்து வந்து உட்கார்ந்த பிறகு. "குரல் போனதுக்கப்புறம் அக்கா பூசைக்குப் போயிட்டு வந்து ஃபோன எடுத்து அந்த 'ஆ'வ அமுக்கி அமுக்கிப் பாட்டு வாசிப்பா. நான் குசினிக்குள்ள நிண்டு கேப்பன். சில நேரம் மறந்தே போயிருவன், பாடுறான்னே நெனப்பன். ஒரு நாள் காலையில பாத்தா ஃபோன் தானா அப்டேட் ஆகிருச்சு. அந்தச் சத்தம் இல்ல. ஃபோன் பழுதாப் போச்சுன்னு, கடையில காட்டுவம்னு சொன்னன். 'பழுது இல்ல'ன்னு எழுதிக் காட்டிட்டுப் போய்ப் படுத்துட்டா."

மூலப் பதிவு முழுதும் என் கணினியில் இருந்தது. ஒரு வரிச் செய்தி போதும், அன்றைக்கே அனுப்பியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கேளாமலே கொடுக்கலாம் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே எனக்கு அருவருத்தது. சேமக்காலையில் மண் போடும்போது யசிந்தாவிடம் சொன்னேன்: "அடுத்த பதிப்பில அக்கான்ர குரலைத் திருப்பிப் போடுறன். அக்கான்ர பேரிலயே போடுறன்." யசிந்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

சொன்னபடி செய்தேன். ஒரு பழைய மணிச் சத்தத்தை எடுத்துவிட்டு, புல்லாங்குழலுக்கும் ஓர்கனுக்கும் நடுவே 'பிலோமினா' என்று பெயர் போட்டு அந்தக் குரலை வைத்தேன். ஒரு சின்ன அஞ்சலிக் குறிப்பும் எழுதினேன். கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டேன், மேசையில் கைபேசியை வைத்து, மரியாதையாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே அனுப்பினேன். ஆட்டிப் பார்க்கவில்லை. அக்கா இருந்திருந்தால் பஸ் புறக்கோட்டைக்கு வருவதற்குள் கண்டுபிடித்திருப்பார். ஓடும் பஸ்ஸில் கைபேசி ஆடாமல் எங்கே இருக்கப்போகிறது? பரிசோதிக்க ஆள் இல்லை என்பதையே நான் மறந்துபோனேன்.

மனுசக் குரலில் 'ஆ' என்று பாடும்போது வேகமாக நடுங்கினால் என்ன வரும் தெரியுமா? ஆடு வரும். அச்சொட்டாக ஆடு.

பத்து நாளில் அது பரவிவிட்டது. யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வீடியோ போட்டது. பிறகு கணக்கில்லாத வீடியோக்கள். வாத்தியார் பேசுகிறார், நடுவில் ஆடு கத்துகிறது. மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார், ஆடு கத்துகிறது. எங்கள் பிள்ளைகள் 'பிலோமினா ஆடு' என்றார்கள். சிங்களப் பிள்ளைகள் 'பிலோமினா எளுவா' என்றார்கள். எங்கள் செயலியை இத்தனை பேர் இறக்கியது இதுவரை நடந்ததில்லை. கணக்கில் அடிமட்டத்திலிருந்த குரல் உச்சிக்குப் போய்விட்டது. ஒரு நாள் பஸ்ஸில் பின் இருக்கையிலிருந்து அது கத்த, முழுப் பஸ்ஸும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன்.

யசிந்தா அலுவலகத்துக்கு வந்தார். "எங்க ஒழுங்கையில சின்னப் பிள்ளைங்க என்னப் பாத்து அந்தச் சத்தத்த அமுக்குறாங்க," என்றார். "கோயில்ல கூட. தயவுசெஞ்சு எடுத்துருங்க பிள்ள. இல்லாட்டி ஆடுற மாதிரி வராமலாச்சும் செய்ய முடியாதா?" முடியும். அந்தக் குரலுக்கு மட்டும் ஆட்டத்தை நிறுத்த நாலு வரி எழுதினால் போதும். இம்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க செல்லுங்க சாரதா. நீங்க என்ன செல்றீங்களோ அதுதான்," என்றார். மூன்று பேர் கையுயர்த்திய இடத்தில் முடிவு என் ஒற்றைக் கையில் வந்து நின்றது.

இதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். பத்து வருடமாக இந்தச் செயலியில் நான் சேர்த்த வசதிகளில் சனங்கள் விரும்பித் தொட்ட முதல் வசதி அந்த ஆட்டம்தான். ஆனால் வயலினை ஒருத்தரும் ஆட்டவில்லை, ஓர்கனை ஒருத்தரும் ஆட்டவில்லை. அந்தக் குரலை மட்டுமே ஆட்டினார்கள். அதை நிறுத்தினால் என்னுடையதும் நாதஸ்வரம் போன வழியே போகும். நான் யசிந்தாவிடம் சொன்னேன்: "அக்காதான் சட்டம் போட்டவ. ஆக்கள் தொடுறதைத் தொடக் கூடாது எண்டு." பெயரை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னேன். மாற்றினேன். பிள்ளைகள் பழைய பெயரை விடவில்லை.

யசிந்தா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அந்த ஆபீஸ்ல என்னைப் போல ஒருத்திதான் இருக்கான்னு அக்கா சொல்லுவா," என்றார். "அத நல்லதுக்குச் சொல்றான்னு நெனச்சிட்டன்." படியிறங்கிப் போய்விட்டார். நினைவுப் பூசைக்கு என்னைக் கூப்பிடவில்லை. உங்களில் சிலர் நான் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

அவருடைய நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்றும் கேட்டிருந்தீர்கள். கொப்பியைத் தங்கை கொண்டுபோய்விட்டார். படமென்று என்னிடம் இருந்தது மலர்ச்சாலைக்கு அனுப்பிய ஒன்றுதான்; அதிலும் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறார். இப்போது ஊரிலுள்ள கைபேசிகளிலெல்லாம் அவர் குரல் இருக்கிறது. என்னுடையதில் இல்லை. என் கைபேசியில் நான் வைத்திருப்பது, தன் குரலை எடுக்க அன்று அவர் முதல் ஆளாகக் கையுயர்த்தி அனுப்பிய பதிப்பு. புதுப்பிக்க விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதில் புல்லாங்குழலுக்குப் பக்கத்தில் நேராக ஓர்கன் வருகிறது. நடுவில் எதுவும் இல்லை.